137 என்று விழுந்தால் மெமரி தீர்ந்தது என்றுதான் அர்த்தமா?

கேள்வி இதுதான். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் ஓடும் ஒரு ஜாவா சேவை, இரவு பேட்ச் வேலை நடக்கும்போது 137 என்ற எக்சிட் கோடுடன் (புரோகிராம் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) விழுந்து, தானாக மறுபடி எழுகிறது. 137 என்றால் மெமரி போதவில்லை என்று எல்லோரும் சொன்னதால் லிமிட்டை 2 ஜிபியிலிருந்து 4 ஜிபி ஆக்கியும் பயனில்லை. டிப்ளாய் செய்யும்போது 143, ஒரு ஸ்கிரிப்டில் 141, எப்போதாவது 139 வேறு வருகின்றன. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஓர் அட்டவணை கிடைக்குமா?

அட்டவணை இணையத்தில் நூறு இருக்கிறது. 137-க்கு எதிரே "மெமரி தீர்ந்தது" என்று எழுதி வைத்ததும் அந்த அட்டவணைகள்தான். 137 வழக்கமாகச் சொல்வது ஒன்றே ஒன்று: 9-ஆம் எண் சிக்னல் (புராசஸுக்கு வெளியிலிருந்து வரும் அறிவிப்பு), அதாவது சிக்-கில், ஏதோ ஒரு புராசஸைக் கொன்றிருக்கிறது. யார் அனுப்பினார்கள், ஏன் அனுப்பினார்கள் என்பது அந்த எண்ணில் கிடையாது. சில நேரம் செத்தது எந்தப் புராசஸ் என்பதுகூட இருக்காது. உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் மெமரி மேல் இல்லை, சேவை உயிரோடு இருக்கிறதா என்று குபர்நெட்டீஸ் அடிக்கடி கேட்டுப் பார்க்கும் லைவ்னெஸ் புரோப் மேல்தான். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

யூனிக்ஸ் வழி வந்த அமைப்புகளில் ஒரு புராசஸ் முடிவதற்கு இரண்டே வழி. ஒன்று, தானாக எக்சிட் அழைத்து ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போவது. இரண்டாவது, ஒரு சிக்னலால் சாவது. இரண்டில் எது நடந்தாலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னல் அதைப் பெற்றோர் புராசஸுக்காகக் குறித்து வைக்கும். பெற்றோர் வெயிட் என்ற சிஸ்டம் காலைப் போட்டு அதை வாங்கிக்கொள்ளும். அந்தக் குறிப்பு 16 பிட். மேல் 8 பிட்டில் எக்சிட் கோட். கீழ் 7 பிட்டில் கொன்ற சிக்னலின் எண். நடுவில் இருக்கும் ஒரு பிட், கோர் டம்ப் (சாகும் நேரத்து மெமரியின் நகல்) எழுதப்பட்டதா என்பதற்கு. ஆக கெர்னலைப் பொறுத்தவரை "137 சொல்லி வெளியேறியது" என்பதும் "9-ஆம் சிக்னலால் செத்தது" என்பதும் வேறு வேறு பதிவுகள். குழப்பம் கெர்னலில் இல்லை, அதற்கு மேலே இருப்பவர்கள் அதை ஒரே எண்ணாகச் சுருக்குவதில் இருக்கிறது.

எக்சிட் கோடுக்கு 8 பிட் மட்டுமே என்பதால் சில வேடிக்கைகள் உண்டு. புரோகிராம் -1 என்று வெளியேறினால் வெளியே 255 என்று தெரியும். 256 என்று வெளியேறினால் 0, அதாவது வெற்றி! "எத்தனை ஃபைல் தோற்றதோ அதையே எக்சிட் கோடாகக் கொடுக்கலாம்" என்று யாராவது புத்திசாலித்தனமாக எழுதியிருந்தால், சரியாக 256 ஃபைல் தோற்கும் நாளில் எல்லாம் நலம் என்று ரிப்போர்ட் வரும். பைத்தானில் ஓஎஸ்.சிஸ்டம் என்ற பழைய ஃபங்ஷன் அந்த 16 பிட்டை அப்படியே கையில் கொடுத்துவிடும். அதனால்தான் சாதாரணமாக 1 என்று தோற்ற கட்டளைக்கு அங்கே 256 வருகிறது. 35072 என்று ஓர் எண்ணைப் பார்த்து மிரண்டால் 256-ஆல் வகுத்துப் பாருங்கள், நம் பழைய 137 வெளியே வரும். அதே பைத்தானின் சப்புராசஸ் நாகரிகமானது. சிக்னலால் செத்திருந்தால் -9 என்று மைனஸ் போட்டுக் கொடுக்கும். எக்சிட் கோடோடு அதைக் குழப்பிக்கொள்ளவே முடியாது.

137 என்பது 128-உடன் 9. இந்த 128-ஐக் கூட்டும் வேலை, நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுடையது. ஷெல்லில் $? என்ற ஒரே இடத்தில்தான் முடிவு தெரிய வேண்டும். அதனால் சிக்னலால் செத்த கட்டளைக்கு 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டி வைக்கும் வழக்கம் வந்தது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரநிலை "128-ஐ விடப் பெரிதாக இருக்க வேண்டும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பேஷ், டேஷ் எல்லாம் 128 கூட்டுகின்றன, கார்ன் ஷெல்லின் 93 பதிப்போ 256 கூட்டும். கன்டெய்னர்களை ஓட்டும் ரன்டைம்களும் பேஷ் வழியையே பிடித்துக்கொண்டன. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் பேஷின் கில் கட்டளைக்கு எல் ஆப்ஷனோடு 137 என்று கொடுங்கள், சிக்னலின் பெயரைச் சொல்லிவிடும்.

ஆனால் எந்தப் புரோகிராமும் தன் இஷ்டத்துக்கு 137 என்று எக்சிட் போடலாம், யாரும் தடுக்க முடியாது. நடைமுறையில் இது எங்கே கடிக்கிறது என்றால், கன்டெய்னரின் முதல் புராசஸ் ஒரு ஷெல் ஸ்கிரிப்டாக இருந்து, அது உங்கள் ஜாவாவைக் குழந்தையாக ஓட்டும்போது. ஜாவா சிக்-கில் வாங்கிச் சாகும். ஷெல் அதை 137 என்று குறித்துக்கொண்டு, தானும் அதே எண்ணைச் சொல்லி ஒழுங்காக வெளியேறும். கன்டெய்னரைக் கவனிக்கும் ரன்டைமுக்கு "முதல் புராசஸ் 137 சொல்லி வெளியேறியது" என்பது மட்டுமே தெரியும். கொலை நடந்தது உள்ளே, ஒரு படி தள்ளி. டாக்கர் இன்ஸ்பெக்டில் ஓஓஎம் கில்டு (மெமரி தீர்ந்ததால் கொல்லப்பட்டது) என்பது ஃபால்ஸ் என்று இருந்தாலும், அதை மட்டும் வைத்து மெமரியை விடுவித்துவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்-டி இந்த விஷயத்தில் நேர்மையானது. சிக்னலால் செத்தால் கோட் என்ற இடத்தில் கில்டு என்றும், எண் சொல்லி வெளியேறினால் எக்சிட்டட் என்றும் பிரித்து எழுதும். அந்த வரியைப் பார்த்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

சரி, சிக்-கில்லை யார் அனுப்புகிறார்கள்? முதல் ஆள், மெமரி தீர்ந்தால் ஏதாவது ஒரு புராசஸைக் கொல்லும் கெர்னலின் ஓஓஎம் கில்லர். இது சத்தமில்லாமல் கொல்லாது. சர்வரின் கெர்னல் லாகில், எந்தப் புராசஸைக் கொன்றது, அப்போது அது எவ்வளவு மெமரி பிடித்திருந்தது என்று எழுதி வைக்கும். கன்டெய்னர் லிமிட்டால் நடந்த கொலை என்றால் அந்த வரியில் சிகுரூப் (புராசஸ் குழுவுக்கு வரம்பு போடும் கெர்னல் வசதி) என்ற சொல்லும் இருக்கும். புதிய சிகுரூப் பதிப்பில், அந்தக் கன்டெய்னரின் மெமரி.ஈவென்ட்ஸ் என்ற ஃபைலில் எத்தனை ஓஓஎம் கொலை என்ற எண்ணிக்கையும் ஏறும். கெர்னல் லாக் பாட் (குபர்நெட்டீஸ் கன்டெய்னர்களை வைத்து ஓட்டும் அலகு) உள்ளே தெரியாது, அது ஓடும் சர்வரான நோடில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த அனுமதி இல்லை என்றால் இருப்பவரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த நேரத்துக்கு அங்கே ஒரு வரியும் இல்லை என்றால் கொன்றது ஓஓஎம் கில்லர் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜாவாவின் ஹீப் (புரோகிராம் தன் டேட்டாவை வைக்கும் மெமரி) நிரம்புவது வேறு, கன்டெய்னரின் லிமிட் நிரம்புவது வேறு. ஹீப் நிரம்பினால் வருவது ஜாவாவுக்குள் ஓர் எக்செப்ஷன், கெர்னலுக்கு அது தெரியவே தெரியாது. அந்த எக்செப்ஷன் வந்ததும் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் வெளியேற வேண்டும் என்று ஆப்ஷன் கொடுத்திருந்தால் எக்சிட் கோட் 3 வரும், 137 வராது. நோடு.ஜேஎஸ்ஸில் ஹீப் நிரம்பினால் அது தானே அபார்ட் ஆகும், அதாவது 134. ஆக, மெமரிப் பிரச்சினை எல்லாம் 137 இல்லை, 137 எல்லாம் மெமரிப் பிரச்சினையும் இல்லை.

இரண்டாவது ஆள், பொறுமை இழந்த மேலாளர். டாக்கர் ஸ்டாப் முதலில் முடித்துக்கொள்ளச் சொல்லும் சிக்-டெர்ம் சிக்னலை அனுப்பும், 10 விநாடி காத்திருக்கும், அப்புறம் சிக்-கில். குபர்நெட்டீஸ் அதே வேலையை 30 விநாடி அவகாசத்தில் செய்யும். சிஸ்டம்-டி பொதுவாக 90 விநாடி தரும். இவை இயல்பாக இருக்கும் அளவுகள், மாற்றி வைத்திருந்தால் வேறு. லாகின் கடைசி வரிகளில் "ஷட்டவுன் ஆரம்பம்" என்று வந்து, சரியாக 30 விநாடி கழித்து மௌனம் என்றால் இந்த ஆள்தான். ஓஓஎம் கில்லர் எச்சரிக்கை எதுவும் கொடுக்காது. அது வந்தால் லாக் பாதி வேலையில் அறுந்திருக்கும்.

இங்கேயே ஒரு பழைய கண்ணி இருக்கிறது. கன்டெய்னருக்குள் முதல் புராசஸின் எண் 1. ஒரு பிஐடி நேம்ஸ்பேஸின் (கன்டெய்னருக்கென்று தனியாக இருக்கும் புராசஸ் எண் வரிசை) 1-ஆம் புராசஸுக்குக் கெர்னல் தனிச் சலுகை தருகிறது: அது ஹேண்ட்லர் (சிக்னலைப் பிடிக்கும் ஃபங்ஷன்) வைக்காத சிக்னல் எதுவும் அதைப் பாதிக்காது. வெளியிலிருந்து வரும் சிக்-கில்லும் சிக்-ஸ்டாப்பும் மட்டும் விலக்கு. சாதாரணமாக சிக்-டெர்ம் வாங்கினால் உடனே சாகும் புரோகிராம்கூட, 1-ஆம் எண்ணில் உட்கார்ந்ததும் அதைக் கண்டுகொள்ளாது. அல்லது அந்த இடத்தில் ஒரு ஷெல் உட்கார்ந்திருக்கும், அது தனக்கு வந்த சிக்-டெர்மைக் குழந்தைக்குக் கடத்தாது. இரண்டிலும் முடிவு ஒன்றுதான்: ஒவ்வொரு டிப்ளாயிலும் பத்து அல்லது முப்பது விநாடி வீணாகக் காத்திருந்துவிட்டு 137. இதற்கு மெமரி லிமிட்டை எவ்வளவு ஏற்றினாலும் பயன் இல்லை. ஸ்டார்ட் ஸ்கிரிப்டின் கடைசிக் கட்டளைக்கு முன்னால் எக்செக் போடுங்கள், ஷெல் விலகி ஜாவாவே அந்த இடத்தில் உட்காரும். இல்லையென்றால் டினி போன்ற ஒரு சின்ன இனிட்டை, அதாவது சிக்னலைக் குழந்தைக்குக் கடத்தும் முதல் புராசஸை, முன்னால் வையுங்கள்.

இப்போது உங்கள் பாட். பேட்ச் ஓடும்போது மட்டும் விழுகிறது, லிமிட்டை இரட்டிப்பாக்கியும் மாறவில்லை. லைவ்னெஸ் புரோபுக்கு எதுவும் குறிப்பிடாவிட்டால் குபர்நெட்டீஸ் 10 விநாடிக்கு ஒரு தடவை கேட்கும், பதிலுக்கு 1 விநாடிதான் பொறுக்கும், தொடர்ந்து 3 தடவை தோற்றால் கன்டெய்னரைக் கொன்று மறுபடி எழுப்பும். பேட்ச் வேலை சிபியு லிமிட்டை முட்டும்போது, அல்லது ஜாவா மெமரியைச் சுத்தம் செய்யும் ஜிசியின் நீண்ட இடைநிறுத்தம் வரும்போது, அந்த ஒரு விநாடிக்குள் பதில் சொல்ல முடியாமல் போவது சர்வ சாதாரணம். சிக்-டெர்ம் வந்த பிறகும் பேட்ச் நிற்காமல் 30 விநாடிக்கு மேல் இழுத்தால் சிக்-கில், அதாவது 137. பாடின் டிஸ்கிரைப் வெளியீட்டில் கீழே ஈவென்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். லைவ்னெஸ் புரோப் தோற்றது என்ற வரி அங்கே இருக்கும் என்றே நினைக்கிறேன். ஈவென்ட்ஸ் வழக்கமாக ஒரு மணி நேரம்தான் தங்கும், காலையில் ஆபீஸ் வந்து பார்த்தால் காணாமல் போயிருக்கும். இரவிலேயே எடுத்து ஒரு ஃபைலில் போட ஏற்பாடு செய்யுங்கள். கடைசி ஸ்டேட் என்ற இடத்தில் ரீசன் ஓஓஎம்கில்டு என்று இருந்தால் என் ஊகம் தப்பு, கெர்னல் லாகுக்குப் போங்கள். எரர் என்று மட்டும் இருந்தால் புரோபைச் சோதியுங்கள், ஸ்டார்ட் ஸ்கிரிப்டையும் சேர்த்து.

143-க்கு வருவோம். 128-உடன் 15, சிக்-டெர்ம். டிப்ளாயில் வரும் 143 நல்ல செய்தி. போகச் சொன்னார்கள், போய்விட்டது. ஜேவிஎம் சிக்-டெர்மைப் பிடித்து, ஷட்டவுன் ஹூக்குகளை ஓட்டிவிட்டு, தானே 143 என்று எக்சிட் போடும். அதனால் சிஸ்டம்-டி-யின் கீழ் ஓடும் ஜாவா சேவைகள் ஒழுங்காக நின்றாலும் "தோல்வி" என்று சிவப்பில் காட்டும். நேரடியாக சிக்-டெர்மால் செத்திருந்தால் சிஸ்டம்-டி அதைச் சுத்தமான முடிவாகவே எடுத்துக்கொண்டிருக்கும். யூனிட் ஃபைலில் வெற்றி எக்சிட் நிலைகளில் 143-ஐச் சேர்த்தால் தீர்ந்தது. டிப்ளாய் நடக்காத நேரத்தில் 143 வந்தால் மட்டும் யார் போகச் சொன்னது என்று தேடுங்கள்.

139 வேறு ஜாதி. வெளியிலிருந்து யாரும் அனுப்புவது அல்ல, புரோகிராம் தனக்கு உரிமையில்லாத முகவரியைத் தொட்டதால் கெர்னல் கொடுக்கும் 11-ஆம் சிக்னல். ஜாவா, பைத்தான் எழுதுபவர்கள் இதைப் பார்த்தால் தங்கள் கோடைவிட, உள்ளே இழுத்து வந்த சி லைப்ரரியை முதலில் சந்தேகப்படலாம். ஜேவிஎம் தானே இப்படி மாட்டிக்கொண்டால் பெரும்பாலும் ஹெச்எஸ்-எர் என்ற கிராஷ் அறிக்கை ஃபைலை எழுதிவிட்டு அபார்ட் ஆகும், அப்போது வெளியே தெரிவது 134. ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் இமேஜுக்கு மாறிய பிறகு 139 ஆரம்பித்ததா? அங்கே இருக்கும் மசில் என்ற சி லைப்ரரி ஒரு திரெடுக்குத் தரும் இயல்பு ஸ்டாக் 128 கேபி, நாம் பழகிய ஜிலிப்சியில் வழக்கமாக 8 எம்பி. ஆழமான ரிகர்ஷன் ஜிலிப்சியில் பிழைத்து மசிலில் சாகும். இந்த வகை மரணங்களுக்கு எண்ணை வெறித்துப் பார்த்துப் பிரயோசனம் இல்லை, கோர் டம்ப் வேண்டும். பல அமைப்புகளில் கோர் அளவு வரம்பு 0 என்று இருக்கும், முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

134-ல் ஒரு நன்மை உண்டு. 6-ஆம் சிக்னலான சிக்-அபார்ட் பொதுவாகப் புரோகிராம் தெரிந்தே தன்னைக் கொன்றுகொள்வது. சி++-ல் யாரும் பிடிக்காத எக்செப்ஷன், ஒரே மெமரியை இரண்டு முறை விடுவித்ததை ஜிலிப்சி கண்டுபிடிப்பது, தோற்ற அசெர்ட், எல்லாம் இங்கேதான் வந்து முடியும். சாவதற்கு முன் எரர் ஸ்ட்ரீமில் காரணத்தை எழுதியிருக்கும். 136 என்பது 8-ஆம் சிக்னல். இன்டெல் வகை சிப்பில் முழு எண்ணைச் சைபரால் வகுத்தால் வரும். அதே கோடை ஏஆர்எம் 64 சர்வருக்கு மாற்றினால் சிக்னலே வராது, விடை 0 என்று அமைதியாக வரும். செலவு குறைகிறது என்று ஏஆர்எம் சர்வருக்கு மாறிய பிறகு கிராஷ் நின்றுவிட்டதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள். சிக்னல் எண்களும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 9, 11, 15 போன்றவை மாறாது. ஆனால் 10-ஆம் எண் இன்டெல் லினக்ஸில் யூஸர்-1, மேக்கில் சிக்-பஸ். மேக்கில் வந்த 138-ஐ லினக்ஸ் அட்டவணையில் தேடினால் வழி தவறும்.

உங்கள் 141 அநேகமாகப் பிழையே இல்லை. 13-ஆம் சிக்னல், சிக்-பைப். ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் பைப்பில், படிப்பவர் எழுந்து போன பிறகு எழுதினால் வரும். பெரிய லிஸ்ட் ஒன்றை ஹெட் கட்டளைக்கு அனுப்பி முதல் வரியை மட்டும் எடுக்கிறீர்கள். ஹெட் ஒரு வரி வாங்கியதும் கிளம்பிவிடும், இடது பக்கக் கட்டளை தொடர்ந்து எழுதப் பார்த்துச் சாகும். சாதாரணமாக பைப்லைனின் முடிவு கடைசிக் கட்டளையின் முடிவுதான், அதனால் யாருக்கும் தெரியாது. நடுவில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போட்டதும் வெளியே வரும். கிரெப்பை சத்தமில்லாத ஆப்ஷனோடு பைப்பின் கடைசியில் வைத்தாலும் இதே கதை, பொருந்தியதும் அது கிளம்பிவிடும். இன்னும் மோசம், சின்ன லிஸ்ட் என்றால் பைப்பின் பஃபருக்குள் அடங்கி எழுதி முடித்துவிடும், ஸ்கிரிப்ட் பிழைக்கும். டேட்டா வளர்ந்த பிறகு, அதுவும் சில நாள் மட்டும், சாகும். பைப்ஃபெயிலை எடுத்துவிடாதீர்கள். அந்த ஒரு வரியில் முழு வெளியீட்டையும் வாங்கி, பிறகு வெட்டுங்கள்.

128-க்குக் கீழே இருக்கும் எண்களில் பொது விதி என்று ஒன்று இல்லை, அந்தந்தக் கட்டளையின் மேன் பக்கம்தான் சட்டம். கிரெப்பில் 1 என்றால் கிடைக்கவில்லை, 2 என்றால்தான் பிழை. டிஃப்பும் அப்படியே, 1 என்றால் வித்தியாசம் இருக்கிறது. ஃபைல் சிஸ்டத்தைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகேயில் எண்ணே பிட்டுகளின் கூட்டல்: 1 என்றால் பிழை இருந்தது, சரிசெய்தாயிற்று, 4 என்றால் சரிசெய்யாமல் விட்டது, 5 என்றால் இரண்டும். கர்லில் 6 பெயர் கிடைக்கவில்லை, 7 இணைக்க முடியவில்லை, 28 நேரம் கடந்தது. எஸ்எஸ்ஹெச் தானே தோற்றால் 255, மற்றபடி தொலைவில் ஓடிய கட்டளையின் எண்ணை அப்படியே தரும். தொலைக் கட்டளையும் 255 சொன்னால் பிரித்தறிய வழியில்லை. மொழிகளுக்கும் குணம் உண்டு: கோ பேனிக் ஆனால் 2, ரஸ்ட் பேனிக் ஆனால் 101. ஷெல்லுடையவை 126, 127. முதலாவது, ஃபைல் இருக்கிறது ஆனால் ஓட்ட முடியவில்லை. இரண்டாவது, அப்படி ஒரு கட்டளையே இல்லை. நேரம் வைத்து வேலை ஓட்டும் கிரானில் மட்டும் 127 வந்தால் பெரும்பாலும் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) பிரச்சினைதான், கிரானின் பாத் உங்கள் டெர்மினலில் இருப்பதைவிட மிகச் சிறியது. டைம்-அவுட் கட்டளை நேரம் முடிந்து கொன்றால் 124 தரும். ஆனால் அதை சிக்-கில் அனுப்பச் சொல்லியிருந்தால் 137. கொலையாளிப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எண்ணை நாமே தொலைக்கும் இடங்கள். $? ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் மாறும். "தோற்றது" என்று எக்கோ செய்துவிட்டு $?-ஐ அச்சிட்டால் எக்கோ வெற்றி பெற்ற 0 தான் வரும். உடனே ஒரு மாறியில் போடுங்கள். பேஷ் ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவிக்கும் அதே வரியில் கட்டளையின் வெளியீட்டை வாங்கினால், லோக்கலின் வெற்றி கட்டளையின் தோல்வியை மூடிவிடும். அறிவிப்பை ஒரு வரியிலும் வாங்குவதை அடுத்த வரியிலும் எழுதுங்கள். கன்ட்ரோல்-சியைப் பிடித்துத் துப்புரவு செய்யும் ஸ்கிரிப்ட் எழுதினால், வேலை முடிந்ததும் 130 என்று எக்சிட் போட்டு நிறுத்தாதீர்கள். ட்ராப்பை (சிக்னலைப் பிடிக்கும் ஏற்பாடு) நீக்கிவிட்டு அதே சிக்னலைத் தனக்கே அனுப்பிச் சாக விடுங்கள். மேலே இருக்கும் பேஷ், குழந்தை உண்மையாகவே கன்ட்ரோல்-சி அனுப்பும் சிக்-இன்டால் செத்ததா என்று அந்த 16 பிட்டில் பார்த்துத்தான் தன் லூப்பை நிறுத்தலாமா என்று முடிவு செய்கிறது. 130 என்று வெறுமனே சொன்னால், யூஸர் கன்ட்ரோல்-சியை அழுத்த அழுத்த அடுத்த ஃபைல், அதற்கடுத்த ஃபைல் என்று லூப் ஓடிக்கொண்டே இருக்கும்.